இறக்கிய எஞ்சின் – 7: மணல் வெளியேறிய வழி

ஹெட், சம்ப், கிராங்க், பிஸ்டன் எல்லாம் கழற்றியாயிற்று. மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிய அம்பாசிடரின் 1489 சி.சி. பிளாக் மட்டும் மிச்சம். போன வாரம் சொன்னபடி இப்போது சிலிண்டர் போரை அளந்து ஹோனிங் போட வேண்டும். அதற்கு முன் பிளாக்கைக் கழுவ வேண்டும். கழுவத் தொடங்கியதும் பக்கவாட்டில் இருக்கும் வட்டத் தகடுகள் என்னைப் பிடித்துக்கொண்டன.

அவைதான் கோர் பிளக். குளிர் நாடுகளில் தண்ணீர் உறைந்து விரியும்போது பிளாக் வெடிக்காமல் காப்பாற்றவே இந்தத் துளைகளை வைத்தார்கள் என்று பலரும் நம்புகிறார்கள். உறையும்போது சில சமயம் பிளக் பிதுங்குவது உண்மை. ஆனால் துளை எதற்கு என்பது வார்ப்படப் பட்டறைக்குப் போனால்தான் விளங்கும். கோவையில் வார்ப்படப் பட்டறைக்கா பஞ்சம்? அங்கே ஒரு பெரியவரிடம் கேட்டேன். "ஏனுங்க, உள்ள வெச்ச மணல வெளிய எடுக்க வழி வேணுமில்லீங்களா?" என்றார்.

பிளாக்குக்குள் தண்ணீர் ஓடும் வெற்றிடத்தை எந்தக் கருவியாலும் குடைய முடியாது. அந்த வெற்றிடத்தின் வடிவத்தை மணலிலேயே இறுகச் செய்து, அச்சுக்குள் நிறுத்தி, சுற்றிலும் உருக்கிய இரும்பை ஊற்றுகிறார்கள். அந்த மணல் வடிவம்தான் கோர். அது அந்தரத்தில் நிற்காதே! பக்கவாட்டுத் துளைகள் வழியே நீளும் அதன் முனைகள் அச்சில் உட்கார்ந்து அதைத் தாங்குகின்றன. இரும்பு ஆறியதும் மணலை உடைத்து அதே துளைகள் வழியே கொட்டுகிறார்கள். அதன் பிறகுதான் தகடு வைத்து அடைப்பது.

அடைப்பதற்கும் ஒரு கதை உண்டு. 1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெல்ச் சகோதரர்கள் கார் செய்தார்கள். அப்போதெல்லாம் இந்தத் துளைகளுக்கு மரை போட்ட அடைப்புதான். சோதனை ஓட்டத்தில் ஒன்று கழன்று விழ, சகோதரர்களில் ஒருவர் பையிலிருந்த நாணயத்தைத் துளையில் வைத்துச் சுத்தியலால் அடித்து வீடு வந்து சேர்ந்தார் என்று சொல்வார்கள். அவர்கள் பெயரில் வழங்கும் வெல்ச் பிளக் குவிந்த தகடு. குவிந்த பக்கம் வெளியே தெரிய வைத்து நடுவில் ஓர் அடி கொடுத்தால், குவிவு தணிந்து தகட்டின் விட்டம் விரியும். துளையின் விளிம்பை இறுகப் பற்றிக்கொள்ளும். பசையைவிட அந்த இறுக்கம்தான் அதன் பலம்.

ஆக, மணல் போன வழிதான் நாம் அழுக்கெடுக்கும் வழி. பிளக்கின் நடுவில் துளை போட்டு, நெம்பி எடுத்துவிடலாம். உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். ஆண்டுக்கணக்காக போர்வெல் தண்ணீர் ஊற்றிய பிளாக் என்றால், வெந்நீர் அண்டாவின் அடியில் படிவது போல உப்புக் காறை கட்டியிருக்கும். வாட்டர் பம்ப் முன்னால் இருப்பதால் துருச் சேறு பெரும்பாலும் பின்கோடியில், நாலாவது சிலிண்டரைச் சுற்றித் தேங்கும். எங்கள் பிளாக்கில் வடிகால் குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு வரவில்லை. கம்பி விட்டுக் குத்திய பிறகு செம்மண் குழம்பாகக் கொட்டியது. அதோடு கொஞ்சம் கறுத்த மணலும். வார்த்த நாளிலிருந்து உள்ளேயே ஒட்டிக்கிடந்த மணல்! காறை வெப்பத்தை எளிதில் கடத்தாது. ரேடியேட்டரை மாற்றியும் சூடு அடங்காத வண்டிகளில், பிளாக்குக்குள்ளும் பார்த்துவிடுவது நல்லது.

காஸ்டிக் சோடா தொட்டியில் கொதிக்கவிடுவது வார்ப்பிரும்புக்குச் சரி. அலுமினிய பிளாக்கை அதில் இறக்கினால் உலோகத்தையே அரித்துவிடும். கேம் பேரிங்குகளையும் முன்பே எடுத்துவிட வேண்டும். ஆயில் கேலரியின் முனை அடைப்புகளைக் கழற்றி, நீளமான பிரஷ் விட்டுத் தேய்த்து, காற்றடித்து ஊதுங்கள். அங்கே ஒளிந்திருக்கும் ஒரு துணுக்கு போதும், புது பேரிங்கைக் கீறிவிடும்.

ஹோனிங் அடுத்த வாரம். போரில் குறுக்கு நெடுக்காகக் கீறல் விழுந்தால்தான் ஆயில் தங்கும் என்பதையும், அந்தக் கீறலிலிருந்து கல்துகளை எடுக்க பெட்ரோலைவிட சோப்புத் தண்ணீர் ஏன் சிறந்தது என்பதையும் அப்போது பார்ப்போம். அதற்குள் உங்கள் பிளாக் லேத் பட்டறைக்குப் போவதாக இருந்தால், கோர் பிளக்குகளைக் கழற்றிய பிறகே கழுவச் சொல்லுங்கள். புது பிளக்குக்கு ஆகும் செலவு மிகச் சிறியது.