நடந்தே போட்ட கோடு

1967. ரிச்சர்ட் லாங்குக்கு 22 வயது. லண்டனில் கலைப்பள்ளி மாணவர். இங்கிலாந்தின் ஒரு புல்வெளியில் இறங்கி நேராக நடந்தார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார். புல் படிந்து ஒரு கோடு பளிச்சென்று தெரிந்ததும் அதைப் படம் பிடித்துக்கொண்டார். அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் இன்று பிரிட்டனின் டேட் கலைக்கூடச் சேகரிப்பில் இருக்கிறது. தூரிகை தொடவில்லை, வண்ணம் தீட்டவில்லை. அப்படியானால் கோடு எதனால் ஆனது?

வெளிச்சத்தால்தான். நிமிர்ந்து நிற்கும் புல்லில் நம் கண்ணுக்குப் படுவது நுனிகளும், அவற்றுக்கு இடையே கிடக்கும் நிழலும். மிதிபட்ட இலையோ மல்லாந்து தன் அகலத்தைக் காட்டுகிறது. வெயில் அதில் பட்டுத் திரும்புகிறது. வெல்வெட் துணியில் விரலை ஓட்டினால் தடம் தெரிகிறதே, அதே சங்கதி. நிறம் பழையதுதான், சாய்வு மட்டும் புதிது.

இந்த ஓவியத்தை அழிப்பதும் புல்லேதான். புல்லின் இலை வளர்வது நுனியிலிருந்து அல்ல, அடியிலிருந்து. அதனால் மேய்ந்தாலும் மிதித்தாலும் கீழிருந்து புது இலை தள்ளிக்கொண்டு வரும். சாய்ந்த தண்டு எழுவது இன்னும் விந்தை. அதன் கணுக்களில் நுண்ணிய மாவுமணிகள் இருக்கின்றன. தண்டு படுத்தால் அவை உருண்டு செல்லின் புதிய அடிப்பக்கத்தில் போய்த் தங்கும். எது கீழ் என்று செடி அறிவது இப்படித்தான். உடனே ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி அந்தப் பக்கம் சேர்கிறது. கீழ்ப்பக்கம் மட்டும் நீள, தண்டு மேல்நோக்கி வளைகிறது. இதற்குப் புவிநாட்டம் என்று பெயர்: புவியீர்ப்பை உணர்ந்து வளரும் திறன்.

புல் இல்லாத மண்ணில் கதை வேறு. பெரு நாட்டின் நாஸ்கா பாலைநிலத்தில், இரும்புத் துரு படிந்த கருநிறக் கற்களை ஒதுக்கி, அடியிலுள்ள வெளிர்மண்ணை வெளிக்காட்டிப் பழங்குடிகள் கோடு போட்டார்கள். மழை அரிது, அரிக்கவோ மூடவோ எதுவும் இல்லை. சுமார் 2,000 ஆண்டுகள் கழித்தும் அவை தெரிகின்றன. 1972-இல் லாங்கும் பெருவில் நடந்து ஒரு கோடு போட்டார். ஆக, நடைக்கலையின் ஆயுளைத் தீர்மானிப்பது காலடி மண்ணும் மழையும்தான்.

தடமே தெரியாத நடையும் உண்டு. 1987-இல் இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையிலுள்ள ஆல்டுபராவில் ஒரு கல்லை எடுத்து, வேல்ஸின் மேற்குக் கரையிலுள்ள அபரிஸ்ட்வித் வரை லாங் நடந்தே கொண்டுபோனார். அங்கிருந்து ஒரு கல்லை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார். 20 நாளில் 626 மைல், கிட்டத்தட்ட 1,000 கி.மீ. மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடந்தாலும் தினம் பத்து மணி நேரம்.

இப்படிக் கல்லை இடம் மாற்றுவது இயற்கையிலும் உண்டு. பனியாறு தொலைவிலிருந்து சுமந்துவந்து போட்ட கல்லை, அந்த மண்ணுக்குச் சொந்தமில்லாத பாறைவகை என்பதை வைத்தே புவியியலாளர்கள் இனம் காண்கிறார்கள். பனியாறுகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பார்த்த அந்த வேலையில் லாங் பார்த்தது இருபதே நாள், இரண்டே கல்.