இலக்கத் தகட்டைப் படிக்கும் கமரா

2022 நடுப்பகுதியில் மட்டக்களப்பிலும், இலங்கையெங்கும் போலவே, எரிபொருள் தட்டுப்பாட்டால் பெற்றோல் செட்டுகளுக்கு வெளியே வரிசை நீண்டு கிடந்தது. ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதி என்ற கியூஆர் முறை வந்தது. ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. பம்பில் நிற்கும் ஊழியர் தன் கைப்பேசிக் கமராவைக் கியூஆர் குறிக்கு நேரே காட்ட வேண்டியதுதான், மிச்ச ஒதுக்கீடு திரையில் தெரியும்.

ஓட்டை ஒன்று இருந்தது. கியூஆர் குறியைப் படம்பிடித்து யாருக்கும் அனுப்பலாம். வந்திருப்பது அதே வாகனம்தானா என்பதை மனிதக் கண்தான் பார்க்கவேண்டும்.

இந்த வேலையைத்தான் தானியங்கி இலக்கத் தகட்டு வாசிப்பு செய்கிறது. கமரா தகட்டைக் கண்டுபிடித்து, எழுத்துகளைப் பிரித்து, பதிவோடு ஒப்பிடும். பிரித்தானியாவில், எரிபொருள் நிரப்பிவிட்டுக் காசு கொடுக்காமல் ஓடும் கார்களைப் பிடிக்க இது பயன்படுகிறது. மின்வாகனங்கள் மின்னேற்றும் இடத்தை மறித்து நிற்கும் பெற்றோல் காரையும் இப்படியே அடையாளம் காணலாம்.

இலங்கையில் அது அவ்வளவு லேசல்ல. நடுவே சிங்கள ‘ஸ்ரீ’ கொண்ட பழைய தகடு, எண்கள் மட்டுமுள்ள தகடு, ஆங்கில எழுத்துத் தகடு எல்லாம் ஒரே வீதியில் ஓடுகின்றன. மோட்டார் சைக்கிளின் பின்தகடோ இரண்டு வரி. மட்டக்களப்பின் படுவான்கரை வயற்சேறு அப்பிவிட்டால் எந்த மென்பொருளும் திணறும்.

கியூஆர் ஒதுக்கீடு 2023 செப்டெம்பரில் நிறுத்தப்பட்டது. தகட்டு வாசிப்பு வந்தாலும், படகு இயந்திரத்துக்குக் கானில் மண்ணெண்ணெய் வாங்கும் மீனவருக்கோ, வாசிக்கத் தகடே இல்லை.