ஆறாவது கோர்ட்டின் கணக்கு

தொலைக்காட்சியில் விம்பிள்டன் பார்த்துப் பழகியவர்களுக்கு அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ் முதல் பார்வையில் சந்தைக்கடை போலத் தோன்றும். வரிசையாக ஆறு கோர்ட்டுகள், ஆறிலும் ஒரே நேரத்தில் ஆட்டம். பக்கத்து கோர்ட்டில் சக மாணவன் நல்ல ஷாட் ஒன்று அடித்தால், தன் ஆட்டத்தின் நடுவிலேயே இன்னொருவன் அவன் பெயரைச் சொல்லிக் கத்துவான். புள்ளிக் கணக்கு எளிது. முதலில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள்; அவற்றில் இரண்டை வெல்லும் அணிக்கு ஒரு புள்ளி. பிறகு ஆறு ஒற்றையர் ஆட்டங்கள், ஆளுக்கு ஒரு புள்ளி. ஏழில் நான்கை முதலில் தொடுகிற அணி ஜெயித்தது. பயிற்சியாளர் இங்கே பார்வையாளர் வரிசையில் கைகட்டி உட்கார வேண்டியதில்லை, கோர்ட்டுக்குள்ளேயே நிற்கலாம். வீரர்கள் பக்கம் மாறும் ஒன்றரை நிமிடத்தில் பெஞ்சில் அருகே உட்கார்ந்து, எதிராளியின் பேக்ஹேண்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த கோர்ட்டுக்கு ஓடுவார். ஆட்டங்கள் ஆறு, பயிற்சியாளர்களோ இரண்டு மூன்று பேர். எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது என்பதே அவர்களுடைய முதல் முடிவு.

வரிசையில் முதல் கோர்ட் அணியின் சிறந்த வீரனுக்கு, ஆறாவது கடைசி ஆளுக்கு. இரண்டுக்கும் ஒரே மதிப்புதான். நாட்டிலேயே தலைசிறந்தவன் முதல் கோர்ட்டில் வென்றாலும் ஒரு புள்ளி, வெளியே யாருக்கும் பெயர் தெரியாத பையன் ஆறாவதில் வென்றாலும் அதே ஒரு புள்ளி. கல்லூரி டென்னிஸ் பயிற்சியாளரின் திறமையை நாம் தவறான கோர்ட்டில் தேடுகிறோம் என்பது என் கருத்து. எந்த நட்சத்திரத்தை உருவாக்கினார் என்று கேட்கிறோம். அவர் பிழைப்பைத் தீர்மானிப்பதோ நாலாவது, ஐந்தாவது, ஆறாவது ஆள். சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மனையே எடுத்துக்கொள்ளலாம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 இரண்டு ஆண்டும் தேசிய ஒற்றையர் பட்டம் வென்றார். 2007 இறுதி ஆட்டத்தில் அவரிடம் தோற்றவர் ஜான் இஸ்னர். ஆனால் அந்த இரண்டு ஆண்டும் அணிப் பட்டத்தைக் கொண்டுபோனது ஜார்ஜியா. வர்ஜீனியாவின் பயிற்சியாளர் பிரையன் போலண்ட் பொறுப்பேற்றது 2001இல், முதல் தேசிய அணிப் பட்டம் வாங்கியது 2013இல். அப்போது சோம்தேவ் படித்து முடித்துப் போய் ஐந்து ஆண்டு ஆகியிருந்தது. இறுதியில் யூ.சி.எல்.ஏ.வை வென்ற கணக்கு 4-3. அதன்பின் 2015, 2016, 2017 என்று தொடர்ந்து மூன்று பட்டங்கள்.

அந்தப் பன்னிரண்டு ஆண்டு தாமதம் போலண்டின் தனிப்பட்ட துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஸ்டான்ஃபோர்டில் டிக் கூல்ட் 1966இல் சேர்ந்தார், முதல் பட்டம் 1973இல். ஜார்ஜியாவில் மானுவல் டயஸ் தலைமைப் பொறுப்புக்கு வந்தது 1988, முதல் பட்டம் 1999. புளோரிடா ஆண்கள் அணிக்கு பிரையன் ஷெல்டன் வந்தது 2012, பட்டம் 2021. காரணம் பெரும்பாலும் பணக் கணக்கில் இருக்கிறது. முதல் பிரிவுக் கல்லூரிகளில் ஆண்கள் டென்னிஸ் அணிக்குக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. நெடுங்காலம் அனுமதித்தது நாலரை உதவித்தொகைதான். எட்டுப் பத்துப் பேர் கொண்ட அணிக்கு நாலரை! பெண்கள் அணிக்கு எட்டு முழு உதவித்தொகைகள் இருந்தன. அமெரிக்கக் கால்பந்து அணி ஆண்களின் கணக்கில் பெரும்பங்கை விழுங்குவதால், பாலினச் சமத்துவச் சட்டத்தின்படி மற்ற விளையாட்டுகளில் ஈடுகட்டியதன் விளைவு அது. ஆண்கள் அணிப் பயிற்சியாளர் இந்த நாலரையை ரேஷன் அரிசி போல அளந்து போட வேண்டியிருந்தது. முதல் நான்கு கோர்ட் ஆட்களுக்கும் முழுதாகக் கொடுத்தால் ஐந்தாவது ஆளுக்கு அரைப் பங்குதான் மிஞ்சியது. அந்தப் பையனின் பெற்றோர் மீதிக் கட்டணத்தைக் கட்ட முடியுமா என்பதும் பயிற்சியாளரின் கவலையாக இருந்தது. பருவத்தில் வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வாங்கவும் விதி இடம் தராது. நல்ல ஆறாவது ஆளை விலைக்கு வாங்க வழியில்லாத இடத்தில், இரண்டு மூன்று ஆண்டு உட்கார்ந்து உருவாக்கத்தான் வேண்டியிருந்தது.

இதற்கு ஒரு மறுப்பு வரும்: ஸ்டான்ஃபோர்டின் பெயரும் கலிஃபோர்னியா வெயிலும் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாமே? கூல்டின் பதினேழு பட்டங்களைக் காட்டி இப்படிச் சொல்வது சுலபம். பெயரும் வெயிலும் உதவின என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஜான் மெக்கன்ரோ அங்கே ஆடியது ஒரே ஒரு ஆண்டு. 1978இல் ஒற்றையர் பட்டத்தோடு கிளம்பிவிட்டார். அவர் போன பிறகு 1980இலும் 1981இலும் அணி மறுபடி பட்டம் வென்றது. வெயில் வாதத்துக்குப் பதில் இல்லினாய்ஸில் இருக்கிறது. குளிர்காலத்தில் கூரைக்குக் கீழேதான் ஆட முடியும் என்கிற அந்த ஊரில், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த கிரெய்க் டைலி 1990களின் தொடக்கத்தில் பொறுப்பேற்றபோது அணி தன் வட்டாரத்திலேயே கடைசி வரிசையில் கிடந்தது. 2003இல் அதே அணி முப்பத்திரண்டு போட்டிகளில் ஒன்றிலும் தோற்காமல் தேசியப் பட்டம் வாங்கியது. டைலி பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போய் ஆஸ்திரேலிய ஓப்பனை நடத்தும் பொறுப்புக்கு உயர்ந்தார். ஆளெடுப்பது, பணம் திரட்டுவது, பெற்றோரைச் சமாளிப்பது என்று கல்லூரிப் பயிற்சியாளர் படும் பாடு ஒரு நிர்வாகியின் பாடுதான். டைலிக்கு அது ஒத்திகையாக அமைந்திருக்க வேண்டும்.

இதைவிடக் கூர்மையான மறுப்பு டெக்சஸிலிருந்து வருகிறது. 2019 மார்ச்சில், பருவம் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது, கல்லூரிச் சேர்க்கை லஞ்ச வழக்கில் சிக்கிய தலைமைப் பயிற்சியாளரைப் பல்கலைக்கழகம் நீக்கியது. உதவியாளராக இருந்த புரூஸ் பெர்க் தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். மே மாதம் அணி தேசியப் பட்டம் வென்றது. பயிற்சியாளர் யாராக இருந்தால் என்ன என்றுதானே இது காட்டுகிறது? நான் இதை வேறு மாதிரிப் படிக்கிறேன். அந்த ஆறு பேரைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்த வேலை அதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே முடிந்துவிட்டது. விளைந்த வயலில் அறுவடை மட்டும்தான் பாக்கி. வழக்கும் அதே அதிகாரத்தின் மறுபக்கத்தைத்தான் காட்டியது. பயிற்சியாளர் பெயர் எழுதிக் கொடுத்தால் சேர்க்கை அலுவலகம் அதிகம் கேள்வி கேட்காது. ஜார்ஜ்டவுனின் முன்னாள் டென்னிஸ் பயிற்சியாளர் ஒருவர் டென்னிஸில் சொல்லிக்கொள்ளும்படி ஆடாத பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு இடங்களை விற்று, 2022இல் இரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அணியின் கடைசி இடங்களில் யார் இருக்கிறார்கள் என்று வெளியே யாரும் பார்ப்பதில்லை. அந்த இருட்டில்தான் வியாபாரம் நடந்தது.

இத்தனை பொறுமை கேட்கிற தொழில் நிற்பதோ இன்னொரு விளையாட்டின் தோளில். டென்னிஸ் அணிகள் டிக்கெட் விற்றுச் சம்பாதிப்பதில்லை. கால்பந்து தருகிற வருமானத்தில் பங்கு வாங்கித்தான் நடக்கின்றன. கோவிட் காலத்தில் வருமானம் வற்றியதும், 2020இல் அயோவாவும் மினசோட்டாவும் ஆண்கள் டென்னிஸ் அணிகளையே கலைக்க முடிவெடுத்தன. ஏணியின் அடிப்படியில் நிலைமை இன்னும் மோசம்: 2023 வரை ‘தன்னார்வப் பயிற்சியாளர்’ என்ற பெயரில் சம்பளமே இல்லாமல் வேலை வாங்கும் பதவி ஒன்று விதிப்படியே இருந்தது. 2025இல் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, கல்லூரிகள் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு கல்லூரிக்கு சுமார் 2 கோடி டாலர். அதில் பெரும்பகுதி கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும்தான் போகும். இதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு நாலரை என்ற கட்டுப்பாடு போய், அணிக்குப் பத்துப் பேர் என்ற கட்டுப்பாடு வந்திருக்கிறது.

வீரர்கள் கல்லூரி மாறுவதும் இப்போது எளிது. என் வாதத்தில் இது ஓட்டை போடுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மதுரையின் தட்சிணேஸ்வர் சுரேஷ் முதலில் ஜார்ஜியா க்வினெட் கல்லூரியில் ஆடி, பிறகு வேக் ஃபாரஸ்டுக்கு மாறியவர். 2025இல் அந்த அணி தேசியப் பட்டம் வென்றது. வேறொருவர் வளர்த்த ஆளை முழு உதவித்தொகை கொடுத்து அழைத்துக்கொள்ள முடிந்தால், இத்தனை ஆண்டு எதற்குக் காத்திருக்க வேண்டும்? ஆனாலும் வேக் ஃபாரஸ்டின் பயிற்சியாளர் டோனி பிரெஸ்கியின் கதையைப் பார்த்தால், அவர் வர்ஜீனியாவில் போலண்டின் உதவியாளராக சோம்தேவின் காலத்திலேயே இருந்தவர். 2011இல் இங்கே வந்து, 2018இல் முதல் பட்டம் வாங்கினார். வந்து சேர்கிறவன் தங்குவதற்கு ஓர் அணி ஏற்கெனவே அங்கே இருந்தது.

புளோரிடாவின் ஷெல்டன் வேறு வழியில் போனார். ஜார்ஜியா டெக் பெண்கள் அணியோடு 2007இல், புளோரிடா ஆண்கள் அணியோடு 2021இல் என்று இரண்டு தேசிய அணிப் பட்டங்கள் அவருக்கு. 2021 இறுதியில் வெற்றிப் புள்ளியை எடுத்தது அவருடைய மகன் பென்தான். பென் தொழில்முறை ஆட்டக்காரரான பிறகு, 2023இல் தந்தை வேலையை ராஜினாமா செய்துவிட்டு மகனோடு உலகம் சுற்றக் கிளம்பினார். இனி அவர் பார்க்க வேண்டியது ஒரே ஒரு கோர்ட்.