தளிரைக் குடையும் அந்து

குண்டசாலையில் மழை பெய்து தேசியும் தோடையும் தளிர்விடும் காலத்தில், அத்தளிர்கள்மீது வெள்ளிக் கம்பியை வளைத்து வைத்தாற்போன்ற கோடுகள் தோன்றக் காண்கின்றோம். மரத்தை நோய் பற்றியதென அஞ்சி உடனே நஞ்சு தெளிப்பாரும் உளர். அது நோயன்று, ஓர் அந்துப்பூச்சியின் குடம்பி குடைந்து சென்ற வழியேயாகும்.

இவ்வந்தினைப் பைலொக்னிஸ்ரிஸ் சிற்றெல்லா என விலங்கியலார் வழங்குவர். சிறகை விரிப்பினும் ஏறத்தாழ 4 மில்லிமீற்றருக்கு மேற்படாது. வெள்ளி நிறமும், முன்சிறகின் நுனியிற் கரும்புள்ளியும் உடையது. பகலில் ஒடுங்கி, இரவிற் பறப்பது. பெண் அந்து தளிரில் முட்டைகளைத் தனித்தனியே இடும். வெளிப்படும் குடம்பி உடனே மேற்றோலின்கீழ்ப் புகுந்து, அத்தோலையே கூரையாகக் கொண்டு, கலங்களின் சாற்றை உண்டு வளரும். சுரங்கத்தின் நடுவே தோன்றும் கருங்கோடு அதன் கழிவு. நான்காம் பருவத்தில் அது உண்பதில்லை. பட்டிழை நூற்று, இலையோரத்தை மடித்து, அதனுட் கூட்டுப்புழுவாகும். முட்டை அந்தாவதற்கு வெப்பநிலைக்கேற்ப இரு வாரம் முதல் ஏழு வாரம் வரை செல்லும்.

தளிர், கொழுந்து, முறி என இளமைக்குத் தனிப்பெயர் தந்து, முதிர்ந்ததை இலை என்றது தமிழ். இவ்வந்தும் அவ்வேறுபாட்டை அறியும். முற்றிய இலையை அது நாடுவதில்லை.

1856இல் ஸ்ரெயின்ரன் என்னும் ஆங்கில அறிஞர் கல்கத்தாவிற் பெற்ற அந்துகளைக் கொண்டு இதனை விவரித்தார். ஆசியாவுக்குரிய இது 1993இல் அமெரிக்காவின் புளோரிடாவிற் காணப்பட்டது. சில ஆண்டுகளில் மத்தியதரைக்கடல் நாடுகளிலும் தென்னமெரிக்காவிலும் பரவியது. புளோரிடாவினர் 1994இல் அவுஸ்திரேலியாவிலிருந்து அஜெனியாஸ்பிஸ் என்னும் நுண்குளவியைத் தருவித்து விட்டனர். அந்தின் உடலிலேயே வளர்ந்து அதனைக் கொல்வது அக்குளவி.

இதனால் நாம் அறிவது யாது? தெளிக்கும் நஞ்சு தோலின்கீழ் உறையும் குடம்பியை எளிதிற் சேராது; வெளியே திரியும் குளவிகளையோ எளிதிற் கொல்லும். பகை எஞ்ச, நட்பு மாளும். வளர்ந்த மரம் இச்சிறு கேட்டைத் தாங்கும். கோடு விழுந்த இலையும் மரத்துக்கு உணவு சமைக்குமாதலின் அதனைக் கிள்ளி எறிதல் வேண்டா. நாற்றுகளையும் இளங்கன்றுகளையுமே விழிப்புடன் காத்தல் வேண்டும். சுரங்கப் புண்வழியே சொறிநோய்க் கிருமியும் புகக்கூடும். அளவிறந்த உரமிட்டு ஓயாது தளிர்க்கச் செய்தலும் அந்துக்கு விருந்திடுதலேயாம்.

ஓய்வுபெற்றுத் தோட்டம் பேணும் பழைய மாணவர்கள் இதனை உளங்கொள்வாராக. இளமாணவர்கள் உருப்பெருக்குக் கண்ணாடியுடன் ஒரு தளிரின் தோலை மெல்ல உரித்து நோக்குவாராக. குடம்பியோடு அதனைக் கொல்லும் குளவியின் இளம்புழுவையும் அங்கே காணக்கூடும்.