ஆங்கிலமும் வேண்டும், அன்னைமொழியும் வேண்டும்

மும்பையிலிருந்து தாயகம் நோக்கிப் புகைவண்டியிற் செல்லும் நம்மவர் யாவரும் வழியிலுள்ள நிலையங்களின் பெயர்ப் பலகைகளைக் கண்டிருப்பர். சோலாப்பூர் வரையில் மராத்தி, கலபுரகியிலும் ராய்ச்சூரிலும் கன்னடம், குந்தக்கல், கடப்பை, ரேணிகுண்டாவில் தெலுங்கு, அரக்கோணத்தில் தமிழ். ஊர்தோறும் அவ்வூர் மொழியே தலையில் நிற்கிறது. அதன் கீழ் இந்தி. ஆங்கிலமோ புறப்பட்ட இடம் முதல் சேரும் இடம் வரை உடன் வருகிறது. ஆயினும் எந்த ஊரின் மொழியையும் அது பலகையிலிருந்து இறக்கிவிடவில்லை. ரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் பணி புரியும் எமக்கு இப்பலகைகள் நாள்தோறும் கண்ணிற் படுவன. பலகையில் உள்ள ஒற்றுமை நம் இல்லங்களில் உண்டா என்பதே ஈண்டு எழும் வினா.

எங்கள் வீட்டிலேயே நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறோம். மூத்த மகளை ஆங்கிலவழிப் பள்ளியொன்றிற் சேர்த்தபோது, வீட்டிலும் ஆங்கிலமே பேச வேண்டும், இல்லையேல் குழந்தை பின்தங்கிவிடும் என்று ஆசிரியை ஒருவர் அறிவுறுத்தினார். நாங்களும் அவ்வாறே செய்தோம். எங்கள் ஆங்கிலமோ அலுவலகக் கோப்புகளிற் பழகிய ஆங்கிலம். வா, போ, உண், உறங்கு என்ற அளவில் வீட்டுப் பேச்சுச் சுருங்கிற்று. கதை சொல்லவும் அதிற் சொல் இல்லை. அழும் பிள்ளையைத் தேற்றவும் சொல் இல்லை.

நான்கு ஆண்டுகள் கழித்துத் திருநெல்வேலிப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குச் சென்றோம். நோயுற்றுக் கிடந்த எங்கள் தாயார் பேத்தியின் கையைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் ஏதேதோ கேட்டார். அவளோ எங்கள் முகத்தையே பார்த்தாள். நாங்கள் இடையில் அமர்ந்து, ஒருவர் கூறியதை மற்றவர்க்கு மொழிபெயர்த்துச் சொன்னோம். "நம்ம பிள்ளைகிட்டப் பேசுறதுக்கு நமக்கே ஒரு தரகு வேணுமாக்கும்?" என்று தாயார் கேட்டுச் சிரித்தார். நாங்கள் தலை கவிழ்ந்தோம். அடுத்த முறை ஊருக்குச் சென்றபோது அவர் இல்லை.

நிற்க. ஆங்கிலம் வேண்டாம் என்று கூறுவது எம் கருத்தன்று. உச்ச நீதிமன்றத்தின் மொழி அது. மருத்துவமும் பொறியியலும் பெரும்பாலும் அதன் வழியே கற்பிக்கப்படுகின்றன. பிறந்த மண்ணை விட்டுப் பிழைக்க வந்த நமக்கு அது கைவிளக்கு. ஆனால் கைவிளக்கை ஏற்றுதற்கு அடுப்பை அணைக்க வேண்டுவதில்லை.

ஒரு மொழியில் நன்கு படிக்கப் பழகிய பிள்ளைக்கு அத்திறன் மற்றொரு மொழிக்கும் துணைநிற்கும் என்னும் கருத்தைக் கனடா நாட்டு அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979ஆம் ஆண்டில் விரித்துரைத்தார். இஃது எம் அனுபவத்திற்கும் ஒத்தது. மெட்ரிகுலேஷன் வரையில் தமிழிலேயே பயின்று, பணியில் அமர்ந்த பின்னரே அகராதியும் செய்தித்தாளுமாக ஆங்கிலம் கற்றோம். வட்டி, நிலுவை, உறுதிமொழி என்பவற்றின் பொருள் முன்னரே உள்ளத்தில் இருந்தது. அவற்றிற்குப் புதுப் பெயர் கற்றல் மட்டுமே எஞ்சியிருந்தது. பொருளும் புதிது, பெயரும் புதிது என்றால் சிறுவர் என் செய்வர்? மனப்பாடம் செய்வர், அவ்வளவே.

சட்டமும் நமக்கு மாறாக இல்லை. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியிற் கிட்ட மாநிலங்கள் முயல வேண்டும் என்னும் 350அ பிரிவு, 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், இயன்ற இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுமொழியே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்கிறது. மும்பை மாநகராட்சியும் தமிழ்வழிப் பள்ளிகளை நடத்தி வருகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி மகாராஷ்டிரத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 5 லட்சம் பேர். எனினும் வகுப்பிற் பிள்ளைகள் இல்லையேல் சட்டம் வந்து பாடம் கேளாது. வகுப்பை நிரப்புவதும் காலியாக்குவதும் பெற்றோராகிய நாமே.

மராத்தியையும் இங்கே மறத்தல் ஆகாது. 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் இம்மாநிலப் பள்ளிகளில் அது கட்டாயப் பாடமாயிற்று. சட்டம் இல்லாவிடினும், நமக்குச் சோறிடும் ஊரின் மொழி அது. அண்டை வீட்டாரின் இன்ப துன்பங்களை அறியாமல் ஓரிடத்தில் வாழ்வது குடித்தனமன்று, தங்கல் மட்டுமே. நம் மொழியைப் போற்றுவோர் பிறர் மொழியையும் மதிப்பர்.

எனில், செய்யத்தக்கன யாவை? வீட்டுப் பேச்சு தமிழாகவே இருத்தல் வேண்டும். இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம் பிள்ளைகள் தமிழ் நூலொன்றை உரக்கப் படிக்கட்டும். பின்னர் அதன் சுருக்கத்தை ஆங்கிலத்தில் எழுதட்டும். ஒரே உழைப்பில் இரு மொழியும் வளரும். ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்குத் திங்கள்தோறும் ஒரு கடிதம் தமிழிற் செல்லட்டும். கற்பிப்பார் இல்லாத இடத்தில், 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் நிறுவனத்தின் பாடங்கள் உதவும். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய அன்பர் நால்வர் கிடைத்தால், சங்கத்தின் கூடமே தமிழ்ப் பள்ளியாகிவிடும்.

நாங்களும் காலம் தாழ்த்தியே தொடங்கினோம். சென்ற கோடையில் வண்டி அரக்கோணத்தில் நின்றபோது, மகள் சன்னலோரம் அமர்ந்து பலகையின் முதல் வரியை எழுத்துக் கூட்டிப் படித்தாள். அதன்பின் கீழிருந்த ஆங்கிலத்தைப் பார்த்து, தான் படித்தது சரியே என்று உறுதி செய்துகொண்டாள். எங்களுக்கு மகிழ்ச்சிதான்; ஆனால் அதைக் கேட்டு மகிழ ஊரில் ஆச்சி இல்லை. ஆச்சிமார் இன்னும் இருக்கும் இல்லத்தார் இன்றே தொடங்குவார்களாக.