கடைமடைக்கு எட்டாத மின்சாரம்

ஐப்பசி மாதம், கும்பகோணத்தில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை அழைப்புக்கென்று நமது நண்பர் தம் பழைய கான்டெஸா மோட்டாரை மெருகேற்றிக் கொண்டு வந்திருந்தார். மாப்பிள்ளை விசையை அழுத்தினார். ஜன்னல் கண்ணாடி இறங்கிற்று. வழியில் மழை பிடித்துக்கொண்டது. மறுபடி அழுத்தினார், கண்ணாடி ஏற மறுத்துவிட்டது. ஊர்வலம் மண்டபம் சேர்வதற்குள் சந்தனமெல்லாம் கரைந்து போயிற்று.

மறுநாள் ஒரு பட்டறையில், "கண்ணாடி மோட்டார் போய்விட்டது, இதற்கு இனிச் சாமான் கிடைக்காது. கம்பிகளை அறுத்தெறிந்துவிட்டுக் கைப்பிடி வைத்துவிடலாம்" என்று தீர்ப்பளித்தார்கள். தகப்பனார் ஆசையாய் வாங்கிய வண்டி. நண்பர் முகம் வாடிப்போயிற்று.

சாமான் அருமை என்பது மெய்தான். வங்காளத்து உத்தரபாராவில் 1984-ல் தொடங்கிய கான்டெஸா உற்பத்தி 2002-ல் நின்றுவிட்டது. ஆனால் மோட்டார் போய்விட்டது என்பதும் மெய்தானா?

தஞ்சை ஜில்லாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மேட்டூரில் 120 அடி நிரம்பியிருக்கும், கல்லணையும் திறந்தாயிற்று, ஆயினும் கடைமடையில் நாற்றுக் கருகும். இடையில் வாய்க்கால் தூர்ந்திருக்கிறது! மோட்டார் வண்டியிலும் பாட்டரியில் 12 வோல்ட்டு இருக்கலாம். அது பியூஸ், விசை, கதவுக் கீல் ஆகிய மதகுகளையெல்லாம் கடந்து கதவின் வயிற்றிலுள்ள மோட்டாரை அடைய வேண்டும். ஒவ்வோரிடத்திலும் களிம்பு கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினால் கடைமடைக்கு மிஞ்சுவது என்ன?

நண்பருக்கு வாய்த்த வயதான எலெக்ட்ரீஷியன் எதையும் அறுக்கவில்லை. மோட்டாரின் இரண்டு கம்பிகளைக் கழற்றி, பாட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்தார். கண்ணாடி ஜம்மென்று ஏறிற்று. கம்பிகளை மாற்றிக் கொடுத்தார், இறங்கிற்று. "பார்த்தீர்களா ஐயா, இவன் நிரபராதி" என்றார்.

குற்றவாளி அகப்பட்ட இடம் கதவுக் கீலருகே உள்ள ரப்பர்க் குழாய். ஆயிரக்கணக்கான முறை கதவு திறந்து மூடியதில், மேலுறை சேதமின்றியே உள்ளே செம்பிழைகள் அறுந்து, நாலைந்து மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. கண்ணாடி இறங்க அதன் பாரமே துணை செய்தது. ஏறுவதற்கு அந்த அற்ப மின்சாரம் போதவில்லை. கண்ணாடி ஓடும் கம்பளிப் பள்ளமும் தூசியால் இறுகிப் போயிருந்தது.

கதவின் அடியில் மழைநீர் வடியச் சிறு துவாரங்கள் உண்டு. நம் பக்கத்தில் அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல் காய்கிறது. பதரும் வைக்கோல் தூசியும் பறக்கின்றன. நண்பர் வண்டியில் அவைதாம் சேறாகித் துவாரங்களை அடைத்திருந்தன. வாய்க்காலைப்போலவே வடிகாலும் முக்கியம் என்பதைக் குடியானவர் அறிவார், மோட்டார்க்காரர் மறந்துவிடுகிறார்! தேங்கிய நீர் இணைப்புகளையெல்லாம் பச்சைக் களிம்பாக்கியிருந்தது.

பின் ஜன்னல் ஓடாவிட்டால் அந்தக் கதவை மட்டும் குடைந்து பயனில்லை. பல வண்டிகளில் பின் ஜன்னலுக்குரிய மின்சாரம் சாரதியின் விசைப்பலகை வழியாகவே போகிறது. பழுது அங்கேயும் இருக்கலாம்.

கீலருகே வளைந்து கொடுக்கும் மெல்லிழைக் கம்பி நாலு முழம், விசையின் முனைகளைத் தேய்க்க உப்புக்காகிதம், துவாரம் குத்த ஓர் ஈர்க்கு: சிகிச்சை இவ்வளவே. பியூஸ் பெட்டியைத் திறந்தபோது மட்டும் கிழவர் கோபித்துக்கொண்டார். யாரோ புண்ணியவான் பியூஸுக்குப் பதிலாகச் சிகரெட் டப்பியின் ஈயத்தாளைச் சுருட்டிச் செருகியிருந்தான்! இறுகிய கண்ணாடியோடு மோட்டார் மல்லாடும்போது பியூஸ் எரியாவிட்டால் கம்பி எரியும். கம்பியோடு வண்டியும் எரியும். அந்தத் தாளைப் பிடுங்கி நண்பர் கையில் கொடுத்துவிட்டு, சரியான அளவுப் பியூஸ் வாங்கிவரக் கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பினார்.