பத்து ரூபாய் வெந்தயம்

ரமலான் பிறந்துவிட்டால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பள்ளிவாசல்களில் பெரிய தேக்சாக்கள் அடுப்பேறிவிடும். பச்சரிசி, பாசிப்பருப்பு, இஞ்சி பூண்டு விழுது, புதினா, கொத்தமல்லி, கொஞ்சம் கொத்துக்கறி, கடைசியில் தேங்காய்ப்பால். நோன்புக் கஞ்சிக்கென்றே 2001 முதல் தமிழக அரசு பள்ளிவாசல்களுக்கு அரிசி தருகிறது. டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் பகலெல்லாம் வேலை பார்த்து வந்தவர், பேரீச்சம்பழத்துக்கு அடுத்தபடியாக வயிற்றுக்குள் இறக்குவது இந்தக் கஞ்சியைத்தான். அதில் வெந்தயமும் விழுகிறது. ஆம்பூர் பிரியாணியின் பட்டை, கிராம்பு, ஏலக்காய் வரிசையில் வெந்தயத்துக்கு இடம் கிடையாது. விலையிலும் அவற்றின் பக்கத்தில் நிற்காது. ஆனால் மளிகைக்கடையில் பத்து ரூபாய்ப் பொட்டலமாகக் கிடைக்கும் அதுதான் அன்றாடச் சமையலில் அதிகம் உழைக்கிறது.

வெந்தயம் பயறுக் குடும்பம். விதையை உற்றுப் பார்த்தால் குறுக்கே ஒரு பள்ளம் தெரியும். அதன் சிறிய பக்கத்தில் இருப்பது முளைவேர், பெரிய பக்கத்தில் பருப்பு. இரவு முழுக்க ஊறிய விதை ஒன்றை எடுத்து இரண்டு விரலால் நசுக்குங்கள். மேல்தோலுக்கும் மஞ்சள் பருப்புக்கும் நடுவே கண்ணாடி போலத் தெளிந்த, வழவழப்பான ஒரு படலம் வழுக்கிக்கொண்டு வரும். வெந்தயத்தின் சாமர்த்தியமெல்லாம் அந்தப் படலத்தில்தான்.

அதன் பெயர் கேலக்டோமேனன். மேனோஸ் என்ற சர்க்கரை நீளச் சங்கிலியாகக் கோத்திருக்க, ஏறக்குறைய ஒவ்வொரு கண்ணியிலும் கேலக்டோஸ் ஒன்று கிளையாகத் தொங்கும். ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கச் சேர்க்கிறார்களே, கொத்தவரை விதைக் கோந்து, அதுவும் இதே சரக்குதான். ஆனால் அதில் சராசரியாக இரண்டு கண்ணிக்கு ஒரு கிளைதான். கிளை கூடக்கூடச் சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் தண்ணீரோடு எளிதில் கலக்கும். கஞ்சி கொழகொழவென்று ஒன்றுசேர்வதில் அரிசி மாவோடு இந்தக் கோந்துக்கும் பங்கு உண்டு. நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு ஸ்பூன் வெந்தயம் ஊறப்போட்டு அரைத்தால் மாவு பொங்கும்போது உண்டாகும் காற்றுக்குமிழ்களை அது பிடித்துவைக்கும். இட்லி மெத்தென்று வருவது அதனால்தான். உளுந்து விலை ஏறும்போது உளுந்தைக் கொஞ்சம் குறைத்து, வெந்தயத்தை அரை ஸ்பூன் கூட்டிச் சமாளிப்பவர்கள் உண்டு. அளவு மீறினால் தோசை கசக்கும்.

தாளிக்கும்போது கடுகு வெடித்த பிறகு வெந்தயத்தைப் போடுவது நல்லது. பொன்னிறம் தாண்டிக் கருகினால் குழம்பே கசந்துவிடும். மணத்துக்குக் காரணம் சோட்டலோன் என்ற வேதிப்பொருள். துளியூண்டு இருந்தாலே மூக்கில் ஏறும். வெந்தயம் நிறையச் சாப்பிட்டவரின் வியர்வையிலும் சிறுநீரிலும்கூட அந்த வாசனை வரும். 2005 முதல் நியூயார்க் நகரத்தில் அவ்வப்போது மேப்பிள் பாகு வாசனை வீசி ஜனங்களைக் கலவரப்படுத்தியது. 2009-இல் துப்புத் துலக்கிப் பார்த்தால், ஆற்றுக்கு அக்கரையில் நியூ ஜெர்சியில் வெந்தயம் பதப்படுத்தும் ஒரு வாசனைப்பொருள் ஆலைதான் காரணம். நம் ஊரில் யாரும் போலீசுக்குப் போன் போட்டிருக்க மாட்டார்கள், பக்கத்து வீட்டில் வத்தக்குழம்பு என்று இருந்திருப்பார்கள்.

இனி, சர்க்கரை வியாதி. ஊறவைத்த வெந்தயத்தைக் காலையில் வெறும் வயிற்றில் விழுங்குவோர் தெருவுக்குப் பத்துப் பேர். இதற்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல முடியாது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வகை நீரிழிவு உள்ளவர்களின் உணவில் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடியைப் 10 நாள் சேர்த்தார்கள். சிறுநீரில் வெளியேறும் சர்க்கரை 54 சதவீதம் குறைந்தது. இரைப்பையிலிருந்து உணவு மெதுவாக நகர்கிறது, குடலில் குளுக்கோஸ் உறிஞ்சப்படுவது தாமதமாகிறது. இங்கும் வேலை செய்வது அதே கோந்து. ஆனால் அவர்கள் கொடுத்தது நாளுக்கு 100 கிராம். ஒரு ஸ்பூன் வெந்தயம் நாலு கிராம் தேறும். ஆகவே அந்த ஒரு ஸ்பூனை நம்பி மாத்திரையை நிறுத்துவது முட்டாள்தனம். நார்ச்சத்தும் புரதமும் ஏறக்குறையத் தலா கால்வாசி உள்ள ஒரு பயறு என்று நினைத்துச் சாப்பிட்டால் ஏமாற்றம் இருக்காது. மாத்திரை எடுப்பவர்கள் அதிகமாகச் சேர்ப்பதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். கர்ப்பிணிகள் மருந்தளவில் சாப்பிட வேண்டாம். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாது.

ஊறிய வெந்தயத்தை அரைத்துத் தலையில் தடவினால் முடி சிக்கில்லாமல் வழுக்கும், கண்டிஷனர் காசு மிச்சம். முடி வளரும் என்பதை நான் நம்பவில்லை. முளைகட்டினால் கசப்பு குறையும். ஆனால் பச்சையாகத் தின்பதைவிட வதக்கிச் சேர்ப்பதே மேல். 2011-இல் ஜெர்மனியில் 50 பேருக்கு மேல் பலிகொண்ட ஈ.கோலை நோய்ப்பரவலின் தடம், எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையின் முளைகளில் போய் முடிந்தது. மண் நிரப்பிய பழைய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருந்தால் பொட்டலத்தில் மிஞ்சியதைத் தூவிவிடலாம். மூன்று, நாலு வாரத்தில் கீரை பறிக்கலாம். பருப்புக் கடைசலுக்குப் போதும்.